அந்த ரிசீவர் விஷயத்தில் தப்பு உன் கையில் இல்லை

தம்பி,

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இரண்டு நாளாகப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ, "சரி, விடுங்கப்பா" என்பாய். அதுதான் சாக்கு என்று நானும் விட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன். திருச்சியில் உன் அறைக்கு இது வியாழக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை நீ ஓசூர் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேலை வேண்டாம் என்று சொல்லப்போகிறாய். அதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும் என்பதால்தான் இந்த அவசரம்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் உனக்கும் ரெஜினாவுக்கும் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தார்கள் அல்லவா? உன் பெயரையும் என் பெயரையும் உன் அம்மா பெயரையும் சாமியார் மைக்கில் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வரியில், இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பது தெரிந்தால் அறிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்றார். எத்தனை கல்யாணத்துக்கு இந்த வரியைக் கேட்டிருக்கிறேன்! ஒருநாளும் அது என் காதில் விழுந்ததே இல்லை. அன்று விழுந்தது. பெஞ்சில் இந்தப் பக்கம் உன் அம்மா, அந்தப் பக்கம் நீ. நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு வேர்த்துக் கொட்டியது. எழுந்து போகவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. "ஃபேன் காத்து வரலியாப்பா?" என்று கேட்டுவிட்டு நீ பாட்டுப் புத்தகத்தை எடுத்து எனக்கு விசிறினாய்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ரெஜினாவிடம் நீ பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை விஷயமாக அவளும் அவள் அப்பாவும் வந்திருந்தார்கள். நான் செருப்பைத் தேடுவதுபோல நின்றேன், வயசானவன் செருப்புத் தேடினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஓசூர் வேலைக்கு நீ போகப்போவதில்லை என்றாய். அவள் அங்கே ஆஸ்பத்திரியில் பார்க்கும் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அரியலூர் வந்துவிட வேண்டும் என்றாய். அவள் சத்தம் போடவில்லை. "உங்க அப்பாவுக்காக உங்க வேலைய வேணாங்கிறீங்க, சரி. என் வேலைய நான் எதுக்குங்க விடணும்?" என்றாள். அதற்கு நீ சொன்ன பதில்தான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. "அப்பாவுக்கு முட்டி போச்சு, அவரால குன்று ஏற முடியாது. அது மட்டுமில்ல ரெஜினா. ஒரு ரிசீவரையே ஒழுங்கா ட்யூன் பண்ணத் தெரியாதவன் நானு. அவ்ளோ பெரிய கம்பெனியில போயி என்னத்த கிழிக்கப் போறேன்?"

அவள் அப்பா என் பக்கத்தில் வந்து, "ரெண்டாவது ஓலைய கொஞ்சம் தள்ளிப் போடலாமாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். பெண்ணைப் பெற்றவர், பயப்படத்தானே செய்வார்? நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். நீ வேலை வேண்டாம் என்பதற்குச் சொன்ன காரணம் இரண்டு. இரண்டுமே பொய், தம்பி. இரண்டையும் உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அந்தப் பெட்டிகளிலிருந்தே தொடங்குகிறேன். ரெஜினா இதைப் படித்தாலும் அவளுக்குப் புரியட்டும்.

சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ரேடியோ ரூமில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். லாரிக்கும் வெடிவைக்கும் இடத்துக்கும் ஆபீசுக்கும் பேசிக்கொள்ள வயர்லெஸ் செட் இருந்தது. அதையெல்லாம் பார்த்துக்கொள்வது என் வேலை. புது மாதிரி செட் வந்ததும் பழையதை மொத்தமாக ஏலத்தில் கழித்துவிட்டார்கள். அந்தக் குவியலை எடுத்தவர் பழைய இரும்புக்கடை பாய். நீ அப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். நானும் நீயும் போய் நின்றபோது அவர் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார். "இத ஒடைச்சா உள்ளாற கொஞ்சம் செம்பு தேறும் அண்ணே. நீங்க என்னத்துக்குக் கேக்குறீங்க?" என்றார். பேச வைக்கலாம் பாய் என்றேன். "பேசுறதா? மவுத்தாயி எத்தன மாசமாச்சு!" என்று சிரித்தார். ஆனாலும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, நல்லதாகப் பார்த்து ஆறு செட்டை அவரே பொறுக்கிக் கொடுத்தார்.

நம் வீட்டு மாடியில் அதையெல்லாம் பிரித்தபோது உள்ளே இருந்து சுண்ணாம்புத் தூள் மாவாகக் கொட்டியது. உன் அம்மா படியில் நின்று, "நுரையீரல்ல பூசறதுக்கு ஆலையில கெடைச்சது பத்தலியா, வூட்டுக்கும் கொண்டாந்துட்டீங்களா?" என்று கத்தினாள். நாம் இரண்டு பேரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் நம்மிடம் இருக்கும் கையடக்க ஹாம் செட் நாலைந்து கிலோமீட்டர் பேசினால் பெரிய விஷயம். உயரமான இடத்தில் ஒரு ரிப்பீட்டர் வைத்துவிட்டால், அது நம் குரலை ஓர் அலைவரிசையில் கேட்டு, அதே நேரத்தில் இன்னொன்றில் பலமாகத் திருப்பிச் சொல்லும். தா.பழூரில் இருப்பவன் பேசுவதைப் பெரம்பலூரில் கேட்கலாம். இதில் திருப்பிச் சொல்லும் டிரான்ஸ்மிட்டர் யார் வைத்தாலும் வேலை செய்யும். கேட்கும் ரிசீவர்தான் கஷ்டம். பக்கத்திலேயே ஒன்று ஓங்கிக் கத்திக்கொண்டிருக்கும்போது, எங்கோ தூரத்தில் முனகுகிறவனை அது கேட்டாக வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண செட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆலைக்காகச் செய்த பழைய ரிசீவருக்கு உண்டு. வேண்டாத அலையை வடிகட்டும் அறைகள் அதில் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. ஆலையின் அலைவரிசையிலிருந்து நம்முடையதுக்கு ஒவ்வொரு திருகாக இறக்கிக் கொண்டுவர வேண்டும். இரும்பு ஸ்குரூடிரைவர் பக்கத்தில் போனாலே அளவு மாறிவிடும் என்று பழைய டூத்பிரஷ் காம்பைச் சீவி நீதான் ஒரு திருப்புளி செய்தாய். ஒரு மயிரிழை திருப்புவாய், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாய், மறுபடி ஒரு மயிரிழை. இருபத்தாறு வருஷம் அதே செட்டோடு குப்பை கொட்டிய என் கைக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. உன்னிடம் அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. "பரவால்லடா" என்றேன்.

அனுமதிக் காகிதம் வந்ததும் செட்டிகுளம் பக்கத்துக் குன்றில், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய அறையில் வைத்தோம். அதற்குப் பிறகு என் காலை நேரமே மாறிவிட்டது. ஆறரைக்குப் பெரம்பலூர் சார் செட்டில் கூப்பிடுவார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், பெரிய குடும்பம், பெரிய வீடு. அவர் வீட்டுத் தெருவில் என் அப்பா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார். ரேடியோவில் நான் அவருக்கு "அய்யா", அவர் எனக்கு "சார்". அங்கே யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை, லைசென்ஸில் கொடுத்த அழைப்புக் குறியை மட்டும்தான் கேட்பார்கள். இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கும் முழுசாகத் தெரியாது. நீ பிறக்கும்போதே நாம் டவுனுக்கு வந்துவிட்டோம்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன், நீ திருச்சியில் ரிப்பேர் கடை வேலைக்குப் போனாய். வீட்டில் நானும் உன் அம்மாவும். காலை ஏழு மணிக்கு சார் போய்விட்டால், அதற்கப்புறம் இரவு வரைக்கும் பகல்தான். டிவி பார்த்தேன், தூங்கினேன், கடைக்குப் போய் வேண்டாததை வாங்கி வந்து திட்டு வாங்கினேன். ஜன்னல் பக்கம் நின்று பஸ் போவதை எண்ணியதும் உண்டு. ஒரு மழைக்காலத்தில் முட்டி வலித்தது உண்மை. நீ பதறிப்போய், "இனிமே குன்றுக்கு நீங்க ஏறாதீங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றாய். மாதம் ஒரு சனிக்கிழமை வந்தாய். பேட்டரித் தண்ணீர் பார்ப்பாய், திருகு பார்ப்பாய், அப்படியே வீட்டுக்கு வந்து இரவு தங்குவாய். டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்து இரண்டே மாதத்தில் முட்டி சரியாகிவிட்டது. அதை நான் உனக்குச் சொல்லவில்லை. நீ வரும் சனிக்கிழமை காலையில் மட்டும் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து நடந்தேன். உன் அம்மாகூட நம்பிவிட்டாள்.

அப்புறம் பெங்களூர் இன்டர்வியூ வந்தது. அதற்குப் படிக்கிறேன் என்று இரண்டு மாதம் நீ வரவில்லை. அது நியாயம்தான். ஆனால் எனக்கு வீடு சுவர் சுவராக நெருங்கி வந்தது. வேலை கிடைத்துவிட்டால் மாதம் ஒருமுறை வருஷம் ஒருமுறை ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். போன் பண்ணி வரச்சொல்லிக் கேட்டிருக்கலாம். எனக்கு அது வரவே வராது. என் அப்பா என்னிடம் எதையும் கேட்டதில்லை, நானும் உன்னிடம் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. ரிசீவர் லேசாக மந்தமானால் நீ ஓடி வருவாய் என்று புத்தி போயிற்று. வேறு எந்த அப்பனுக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

ஏலாக்குறிச்சிக்கு மாதாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உன் அம்மாவிடம் பொய் சொன்னேன். உன் இன்டர்வியூ நல்லபடியாக முடிய வேண்டும் என்று அவள் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்தனுப்பினாள். அதைப் பையில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். முட்டி போனவன் என்று ஊரே நம்பும் நான், நடுவில் ஒரே இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு குன்றின் மேலே போய்ச் சேர்ந்தேன். பெட்டியைத் திறந்து இரண்டு திருகை, ஒவ்வொன்றையும் கால் சுற்று, திருப்பினேன். பலமான சிக்னல் கேட்கும், தூரத்தில் இருப்பது கேட்காது. பேட்டரியைப் பிடுங்கியிருந்தால்கூட யார் வேண்டுமானாலும் போய் மாட்டிவிடலாம். திருகு என்றால் நீதான் வரவேண்டும். அவ்வளவு யோசித்துத்தான் செய்தேன். நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த மெழுகுவத்திய என்ன பண்ணீங்க?" பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றேன். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு வருகிறது, ஆள் வருவதில்லை.

நான் போட்ட கணக்குப்படி சார் இரண்டு நாளில் குறை சொல்ல வேண்டும், நீ சனிக்கிழமை வரவேண்டும். ஆனால் வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், உன் பக்கத்திலிருந்து மட்டும் தெரியும். தா.பழூரில் கரண்ட் போய், போன் டவரும் போய், கொள்ளிடத்துத் தண்ணீர் வயலைத் தாண்டித் தெருவுக்குள் வந்துவிட்டது என்று அந்த ஊர் நண்பர் கையடக்க செட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ரிப்பீட்டர் சரியாக வாய் திறக்கவில்லை. துண்டு துண்டாக ஏதோ கேட்டு சார் உனக்குப் போன் போட்டார். "தம்பி, செட்டுக்குக் காது கேக்கல, ஆளு அங்க கத்திக்கிட்டிருக்காரு." நீ அந்த மழையில் திருச்சியிலிருந்து பைக்கில் வந்து, குன்று ஏறி, முக்கால் மணி நேரத்தில் இரண்டு திருகையும் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டாய். தா.பழூர் குரல் கண்ணாடியாகக் கேட்டது. நீயே செய்தி வாங்கி, சார் வழியாகத் தாசில்தார் ஆபீசுக்குச் சொல்லிவிட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்தாய். வலது மணிக்கட்டு. திங்கட்கிழமை இன்டர்வியூ, அதில் கையால் செய்துகாட்ட வேண்டிய பரீட்சையும் இருந்தது. நீ போகவில்லை.

அன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். வாயைத் திறந்தேன், தம்பி. சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் நீயே சொல்லிவிட்டாய். "போன தடவ நான்தாம்ப்பா திருகுக்கு சீல் வைக்காம வந்துட்டேன். அதான் நகந்துருச்சு." எனக்கு வெளியே போக ஒரு கதவை நீயே திறந்துவிட்டாய். நானும் போய்விட்டேன். அடுத்த வாரம் மாவுக்கட்டுப் போட்ட கையோடு மாடியில் உட்கார்ந்து, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாய். உன்னால் மைக்கைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் உன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். "என் ட்யூனிங்ல தப்பு, மன்னிச்சுக்குங்க" என்று நீ சொல்லி முடிக்கும்வரை என் கட்டைவிரல் அந்தப் பட்டனில் இருந்தது.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. நீ இப்போது எதை முடித்தாலும் மூன்று தடவை பார்க்கிறாய். கடையில் நீ வைத்த ஈயப் பற்றை இன்னொருத்தனிடம் காட்டிச் சரியா என்று கேட்கிறாயாம், உன் முதலாளி என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் அவரோடு சிரித்தேன். மாவுக்கட்டைப் பிரித்ததிலிருந்து நீ ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, ஆனால் அதை அனுபவிக்கத்தான் முடியவில்லை. நீ வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டாலே சாய்த்துச் சாய்த்து நடக்கத் தொடங்குவேன். வந்து உட்கார்ந்து என் முட்டியில் தைலம் தேய்த்துவிடுவாய். வலிக்காத முட்டியை நீட்டிக்கொண்டு, போதும்டா போதும்டா என்று உட்கார்ந்திருப்பேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே கட்டிய சுவர்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பா நாலு புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ரெஜினா வேண்டும் என்றால் வேண்டும் என்று அவளிடமே சொல். அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக உடம்பு சரியில்லாதவன் ஆகிவிடாதே. நாளைக்குப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, வெளியூர் போனாலும் அப்படித்தான். கேட்டு, அது வரமாட்டேன் என்றால் இரண்டு நாள் வருத்தப்படலாம், செத்துப்போய்விட மாட்டோம்.

இன்று காலை ஆறரைக்கு மாடி ஏறினேன். நீ எல்லார் முன்னாலும் உன் மேல் பழி போட்டுக்கொண்ட இடம் அது. உனக்கு மட்டும் கடிதம் எழுதி முடித்துக்கொள்வது நியாயமில்லை. அது மட்டுமில்லை, கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று என் மேலேயே எனக்குப் பயம். சார் வணக்கம் சொன்னதும் நேராகச் சொல்லிவிட்டேன். மழையன்று ரிசீவர் கெட்டது என் மகன் கையால் இல்லை, அவனை வரவைப்பதற்காக நான்தான் திருகினேன், தா.பழூர்க்காரர் கேட்டுக்கொண்டிருந்தால் அவரும் என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அப்புறம் சார், "தம்பிகிட்ட சொல்லியாச்சா?" என்றார். கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "அப்ப மொதல்ல அதப் போஸ்ட்ல போடுங்க" என்றார். வழக்கமாக என் பெயருக்குப் பின்னால் போடும் "சார்" இன்று இல்லை. நாளைக்கும் அவர் என்னைக் கூப்பிடுவாரா என்று தெரியாது. இருந்த ஒரே இடத்தையும் கெடுத்துக்கொண்டேனோ என்று தோன்றுகிறது. ஆனாலும் அங்கேதான் சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவர்களுக்குச் சரி என்று சொல். உன் கை நல்ல கை. அந்த மழையில், டார்ச் வெளிச்சத்தில், ஒருத்தன் வேண்டுமென்றே கெடுத்து வைத்ததை முக்கால் மணி நேரத்தில் கண்டுபிடித்த கை அது. கெடுத்தவனே சொல்கிறேன், இதைவிடப் பெரிய சர்டிபிகேட் உனக்கு யாரும் தரமுடியாது. ரெஜினாவின் அப்பாவிடம் ஓலையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்ல நாளைக்கு நானே போகிறேன். காரணம் கேட்பார், அவரிடமும் சொல்வேன். குன்று என் பொறுப்பு, மாதாமாதம் நானே ஏறிக்கொள்கிறேன். இந்தச் சனிக்கிழமை நீ வராதே. கோபத்தை அடக்கிக்கொண்டு வந்து நீ எனக்குத் தைலம் தேய்த்தால் என்னால் தாங்க முடியாது.

நீ ஓசூர் போன பிறகு இந்த வீட்டில் பகல் எவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போதே பயமாக இருக்கிறது. அந்தப் பயம் என்னுடையது, அதை உன் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை. நீ போ. போய், வேலை பழகி, கோபமெல்லாம் ஆறி, உனக்கே தோன்றும்போது ஒரு தடவை வா. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

உன் அப்பா